சோர்ந்துபோன சின்னக் காருக்கு ரீமேப் மருந்தாகுமா?

36 வயது வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். அதன் சுருக்கம் இது:

அவரிடம் இருப்பது ஐந்து கதவு ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர் மேனுவல். 150 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர் டார்க், எடை 1,150 கிலோ. காருக்கு வயது 11; ஓடியது 1,24,000 கி.மீ. கொஞ்ச நாளாக, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடிக்கு "தகர டப்பாவில் சில்லறை போட்டுக் குலுக்கின மாதிரி" ஒரு சத்தம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது. பழைய இழுவை இல்லை. வளைவில் மேடு பள்ளம் வந்தால் பின்பக்கம் துள்ளி விலகுகிறது. முன் டயர் இரண்டையும் போன மாதம்தான் புதிதாக மாற்றினார். பின் டயர்களின் வயது ஏழு.

கணவர், மூன்று வயது மகளை மனதில் வைத்து, விற்றுவிட்டு உயரமான எஸ்யூவி வாங்கலாம் என்கிறார். நண்பர் ஒருவர் ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அட்டவணைகளை மாற்றிச் சக்தி கூட்டுவது), 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங், 18 அங்குல வீல், பெட்டியில்லாத கூம்பு வடிவக் காற்று வடிகட்டியான கோன் ஃபில்டர் என்று பட்டியல் போட்டுக் கொடுத்து, "புது கார் மாதிரி ஆகிவிடும்" என்கிறார். ஒர்க்‌ஷாப் கொடுத்த பழுதுபார்ப்பு எஸ்டிமேட்டோ காரின் இன்றைய சந்தை விலையில் 45 சதவீதம். "விலையில் பாதியைப் பழைய காரில் கொட்டுவது முட்டாள்தனம் இல்லையா? இந்தக் காரை எனக்குப் பிடிக்கும், ஆனால் பிடித்திருப்பதால் மட்டுமே வைத்திருக்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்கிறார். கூடவே, விற்பதானால் குறைகளை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டுமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

வைத்துக்கொள்வதா, மாற்றியமைப்பதா, விற்பதா என்று மூன்று வழிகளை ஒரே தட்டில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தால் நீங்கள் வேகம் போதாமல் தவிப்பதாகத் தெரியவில்லை. வாங்கிய புதிதில் இந்தக் கார் எப்படி இருந்ததோ, அது இப்போது இல்லை, அதைத்தான் தேடுகிறீர்கள். அதனால் முதலில் பழையபடி ஆக்க முடியுமா என்று பார்ப்போம். மற்ற இரண்டுக்கும் விடை அதிலிருந்தே வந்துவிடும்.

சக்தி போதாது என்ற எண்ணத்தை மட்டும் இப்போதே கழற்றி வைத்துவிடலாம். 1976-இல் வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐக்கு 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. டன்னுக்கு ஏறத்தாழ 136. உங்கள் காருக்கு டன்னுக்கு 130. சின்ன ஸ்போர்ட்டி கார் என்ற வகைக்கே பெயர் வாங்கிக் கொடுத்த வண்டியோடு ஒப்பிட்டால் நீங்கள் பின்தங்கியில்லை. கையில் 150 குதிரையும் முழுதாக இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

அந்தச் சில்லறைச் சத்தம்

நீங்கள் கடிதத்தின் நடுவே ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன சங்கதி இது. எனக்கு இதுதான் முதல் கவலை. குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி ஓரிரு விநாடியில் அடங்கும் அந்தச் சத்தம் பெரும்பாலும், பிஸ்டன்களின் ஓட்டத்தோடு வால்வுகளை ஒத்து இயங்க வைக்கும் டைமிங் செயினுடையது. செயினை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனர் பல எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற காரில் ஆயில் கீழே இறங்கிவிடும். அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் வழிகாட்டிப் பட்டையில் அடிக்கும். ஆயில் அளவு குறைந்திருந்தால் நிலைமை மோசமாகும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைகிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும். அப்படி மோதினால் வரும் பில் 45 சதவீதத்தோடு நிற்காது. ஆகவே இன்று செய்ய வேண்டியது: சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவுக்குக் கீழே இருந்தால், கையேட்டில் சொன்ன தர ஆயிலை ஊற்றி மேலே கொண்டுவாருங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். இனி ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் இதே சோதனை. எஞ்சின் சூடேறும்வரை நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் இடையே எத்தனை டிகிரி விலகல் என்று கேளுங்கள். செயின் நீண்டிருந்தால் அங்கே தெரியும். மாற்றுவதானால் செயினை மட்டும் மாற்றிவிட்டு வர வேண்டாம். டென்ஷனர், வழிகாட்டிகள், பற்சக்கரங்கள், இறுக்கும்போது நீளும் வகை போல்ட்டுகள் எல்லாம் ஒரு செட். சில எஞ்சின்களில் கிராங்க் பற்சக்கரம், இடத்தில் பூட்டும் ஆப்பு இல்லாமல் வெறும் உராய்வில் பிடிப்பது. அதற்கான பூட்டுக் கருவி இல்லாமல் கண்ணளவில் மாட்டும் கடையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. எஸ்டிமேட்டில் "டைமிங் செயின்" என்று ஒற்றை வரி இருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆயிலும் இழுவையும் ஒரே இடத்தில் தொலைந்திருக்கலாம்

ஆயில் குறைகிறது என்றதும் "பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு எளிய சோதனை. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். லேசான உறிஞ்சல் இருந்தால் சரி. மூடி எழும்ப மறுக்குமளவு இழுத்துப் பிடித்தால், அல்லது விசில் போலச் சத்தம் வந்தால், எஞ்சின் ஆவியைத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வின் ரப்பர் தாள் கிழிந்திருக்கலாம். சின்ன உதிரிபாகம், ஆனால் அது கிழிந்தால் எஞ்சின் ஆயிலை இன்டேக் வழியே உறிஞ்சி எரித்துவிடும். புகையையும் கவனியுங்கள். சிக்னலில் நின்று கிளம்பும்போது நீலப் புகை வந்தால் வால்வு ஸ்டெம் சீல் பக்கம் பாருங்கள். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து ஏறும்போது வந்தால் ரிங் அல்லது டர்போ.

டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ ஆளில்லை. பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவி அங்கே கரியாகப் படிந்து, காற்றுப் பாதையைக் குறுக்குகிறது. பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் இந்தக் கரியைத் தொடவே தொடாது, ஏனென்றால் அந்தப் பெட்ரோல் அந்தப் பக்கம் போவதே இல்லை. (இந்த பாட்டில்களுக்குச் செலவழித்திருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.) இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வதே வழி. அந்தந்த சிலிண்டரின் வால்வு மூடிய நிலையில் இருக்கும்போதுதான் அடிக்க வேண்டும். திறந்திருந்தால் தூள் உள்ளே போய்விடும்.

இழுவை குறைவுக்கு இன்னொரு வழக்கமான காரணம் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் குழாய்களில் கசிவு. ரப்பர் கிளாம்ப் அடியில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. புகையைச் செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் அரை மணி நேர வேலை. அதோடு ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், டர்போவின் மிகை அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றோடு, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்று கட்டாயம் வேண்டும். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுதாகத் திறந்து, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்து எடுக்க வேண்டும். தனி எண்ணை விட நான்குக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம்: அதிகமான சிலிண்டருக்கும் குறைவான சிலிண்டருக்கும் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சின் வாழத் தகுந்தது. ஒன்று மட்டும் பாதாளத்தில் கிடந்தால் சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தும் லீக்டவுன் டெஸ்ட் செய்து, காற்று எங்கே தப்புகிறது என்று கேளுங்கள். இன்டேக்கிலோ சைலன்ஸரிலோ சீறினால் வால்வு. ஆயில் மூடி வழியே சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

நண்பரின் ரீமேப்புக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. ரீமேப் என்பது எவ்வளவு டர்போ அழுத்தம், எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அட்டவணைகளை மாற்றி எழுதுவது. குழாயில் கசிவு இருந்தால், கேட்ட அழுத்தத்தைத் தர டர்போ ஏற்கெனவே வேண்டியதைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனிடம் இன்னும் கூட்டிக் கேட்பதுதான் இன்றைய நிலையில் ரீமேப் செய்யும் வேலை. தளர்ந்த செயின், ஆயில் குடிக்கும் எஞ்சின், அதன் மேல் 25 சதவீதம் கூடுதல் டார்க்: இதை எந்த நல்ல ட்யூனரும் தொட மாட்டார். முதலில் சோதனை அறிக்கையைக் கேட்காத ட்யூனரிடம் நீங்கள் போகவும் வேண்டாம்.

துள்ளும் பின்பக்கம்

இது உடனடிப் பாதுகாப்புப் பிரச்சினை. முன்சக்கரம் இழுக்கும் கார் என்பதால் புது டயரை முன்னால் போடுவது பலரும் செய்வது, தவறு. பிடிப்பு அதிகமான ஜோடி பின்னால் இருக்க வேண்டும். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும், திருத்த நேரம் கிடைக்காது. குட்டையான, இலகுவான ஹேட்ச்பேக்கில் வளைவின் நடுவே சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டாலே பின்பக்கம் லேசாகி விலகப் பார்க்கும். உங்கள் பின் டயர்களுக்கு ஏழு வயது. பக்கச் சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு என்று படித்து உறுதிசெய்யுங்கள். ஆழம் மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். முன்னால் போட்ட புது ஜோடியை இந்த வாரமே பின்னால் மாற்றிவிட்டு, அதே மாதிரி இன்னொரு ஜோடி முன்னால் வாங்குங்கள்.

பழைய டயரைக் கழற்றுமுன் உள்ளங்கையால் அதன் மேற்பரப்பில் உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பம்போலவும் இருந்தால் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. மேடும் குழியுமாக அலையலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருக்கிறது. காரின் மூலையை அழுத்திவிட்டு ஆட்டத்தைப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் பாதி செத்திருந்தாலும் அதில் தேறிவிடும். ஷாக் அப்சார்பரின் உடம்பில் லேசான ஆயில் ஈரப் படலம் இருக்கலாம், வழிந்திருந்தால் முடிந்தது. 1,24,000 கி.மீ. வரை முதல் ஷாக் அப்சார்பரே இருக்கிறது என்றால், சோதனை இல்லாமலே நான்கையும் மாற்றலாம். மேல் மவுன்ட்டும், சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கும்போது தடுக்கும் பம்ப் ஸ்டாப்பும் சேர்த்து. முன் கன்ட்ரோல் ஆர்மின் பின் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் உறை), பின் ஆக்சில் பீமின் புஷ் இரண்டையும் நெம்புகோலால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட். அதற்கு முன் செய்தால் காசு வீண்.

இந்த ஒரு வேலை கொடுக்கும் வித்தியாசத்தை எந்த ரீமேப்பும் கொடுக்காது என்பது என் கணிப்பு.

40 மி.மீ. ஸ்பிரிங்கை நான் மறுப்பது அழகு பற்றிய சண்டையால் அல்ல. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் முன் சஸ்பென்ஷனில் கீழ் ஆர்ம் உடலிலிருந்து சக்கரத்துக்கு ஏறத்தாழ சமமாகவோ சற்றுக் கீழ்நோக்கியோ போகும்படி அமைத்திருப்பார்கள். 40 மி.மீ. தாழ்த்தினால் அதன் சக்கர முனை மேலே ஏறிவிடும். அப்போது, வளைவில் உடல் சுற்றிச் சாயும் புள்ளியான ரோல் சென்டர், காரின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கும். வளைவில் உடல் சாய நினைக்கும் நெம்புவிசை கூடும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறி, பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். பழைய ஷாக் அப்சார்பரோடு போட்டால் சஸ்பென்ஷன் மேலும் கீழும் நகரும் தூரம் குறைந்து, வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில் முட்டும்; முட்டிய கணம் அந்த டயர் பிடியை இழக்கும். நீங்கள் புகார் சொல்லும் துள்ளலை இன்னும் காசு கொடுத்து வாங்குவதுபோல. தாழ்த்தியே தீர வேண்டுமானால் 15–20 மி.மீ., அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரோடு செட்டாக.

வீலும் அப்படித்தான். 195/55 ஆர் 16 டயரின் வெளி விட்டம் சுமார் 621 மி.மீ., பக்கச் சுவர் 107 மி.மீ. நண்பர் சொல்லும் 215/35 ஆர் 18 போட்டால் விட்டம் 608, பக்கச் சுவர் 75. ஸ்பீடோமீட்டர் 2 சதவீதம் கூட்டிக் காட்டும். ஒரு நல்ல பள்ளத்தில் ரிம் வளையும். 205/45 ஆர் 17 (616 மி.மீ.) வரை போகலாம், ரிம் பழையதைவிடக் கனமாக இல்லை என்றால்.

கோன் ஃபில்டரை விட்டுவிடுங்கள். மூடிய பெட்டி இல்லாமல் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சும். சத்தம் கூடும், சக்தி குறையும்.

பாதி விலை என்ற கணக்கு

பழுதுச் செலவைக் காரின் சந்தை விலையோடு ஒப்பிடுவது விற்பவரின் கணக்கு. ஓட்டப்போகிறவர் ஒப்பிட வேண்டியது அடுத்த காரின் செலவோடு. உங்கள் காரின் இன்றைய விலையை 100 என்று வைப்போம். பழுது 45. கணவர் பார்த்த புது எஸ்யூவி, நீங்கள் எழுதிய விகிதப்படி, 350. அது முதல் ஆண்டில் 15 சதவீதம் மதிப்பிழந்தாலே 52 போய்விடும். வட்டியும் கூடுதல் இன்ஷூரன்ஸும் தனி. ஆக, பழுதுபார்த்த கார் ஓர் ஆண்டு ஒழுங்காக ஓடினாலே செலவு சமன். இரண்டாம் ஆண்டு முதல் லாபம். ஆனால் அந்த 45-க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செயின், ஷாக் அப்சார்பர், புஷ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இருந்தால் மீண்டும் சில ஆண்டு வராத செலவு. கிளட்ச் சேராமல் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள், 1,24,000 கி.மீ.க்கு அது வரிசையில் நிற்கிறது.

கணவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. உங்கள் காரில் தானியங்கி அவசர பிரேக் இல்லை. புதியவற்றில் பலவற்றில் உண்டு. அது உண்மையான கூடுதல். ஆனால் உயரமாக இருப்பதாலேயே எஸ்யூவி பாதுகாப்பு என்பது இல்லை. எடை மையம் மேலே, நிறுத்த வேண்டிய எடையும் கூட. மாடலையும் வருடத்தையும் வைத்து விபத்துச் சோதனை முடிவைப் பாருங்கள். சோதனை விதிகள் மாறிக்கொண்டே வருவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. மகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோய், ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிப் பார்த்த பிறகே எந்தக் காருக்கும் முன்பணம் கொடுங்கள்.

நான் எந்த இடத்தில் விற்கச் சொல்வேன் என்றால்: சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருந்தால், ஸ்ட்ரட் மேல் கூடு, சப்ஃப்ரேம் பிடிமானம், கதவுக்குக் கீழ் உள்ள அடிச்சட்டம் (சில்) ஆகிய இடங்களில் துரு ஊடுருவியிருந்தால், அல்லது முக்கிய உதிரிபாகம் கிடைப்பதே நின்றுபோயிருந்தால். இவற்றில் ஒன்று உறுதியானாலும் 45-ஐச் செலவழிக்காதீர்கள். புஷ், செயின், கரி ஆகியவை அந்தப் பட்டியலில் சேராது.

எல்லாம் சரியான பிறகும் ஆசை இருந்தால்

மூன்று மாதம் ஓட்டுங்கள். பிறகும் கை அரித்தால் வரிசை இப்படி: முதலில் நல்ல பிரேக் பேடும் புது டாட் 4 பிரேக் ஆயிலும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-இன் குறைந்தபட்ச கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அதனால்தான். டாட் 5 என்று தனியாக இருப்பது சிலிக்கோன் வகை, அதைக் கலந்துவிடக் கூடாது.

அதன் பிறகே ரீமேப். கிளட்ச் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்: ஆளில்லாத சாலையில் ஆறாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுதாக மிதித்தால், வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. ட்யூனரிடம் 2,500 சுற்றுக்குக் கீழே டார்க்கை அடக்கி வைக்கச் சொல்லுங்கள். டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் குறைந்த சுற்றில் முழுச் சுமை கொடுத்தால், தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் ஆபத்து உண்டு. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்பி தர ஆயில் இதைக் குறைக்கவும் சேர்த்து வகுக்கப்பட்டது. கையேடு அனுமதித்தால் அதைப் போட்டு, 7,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். சைலன்ஸரில் பட்பட்டென்று வெடிக்கும் மேப் வேண்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டு உருக்கிவிடும்.

எந்த மாற்றத்துக்கும் முன்னால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். சொல்லாமல் செய்த ரீமேப் விபத்துக்குப் பின் தெரியவந்தால் இழப்பீட்டை மறுக்க அது காரணமாகலாம். வாய்மொழி "பரவாயில்லை" அப்போது உதவாது. சஸ்பென்ஷன், வீல், எஞ்சின் மாற்றங்களுக்குப் பதிவு அலுவலக ஒப்புதல் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கழற்றிய ஸ்பிரிங், வீல், பழைய மேப் ஃபைல் எதையும் தூக்கிப்போடாதீர்கள். விற்கும்போது மாற்றங்களுக்குக் கொடுத்த காசு திரும்பி வராது. ஒரிஜினலுக்குத் திருப்பிய காருக்குத்தான் ஆள் வரும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். விற்பதானால் சொல்லுங்கள். தெரிந்த குறையை மறைத்து விற்றால் பின்னால் வாங்கியவர் உங்கள் மேல் வழக்குப் போட இடமுண்டு. செயின் சத்தம் பற்றி ஒர்க்‌ஷாப் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டே உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. கம்ப்ரஷன் அறிக்கையையும் அந்த எஸ்டிமேட்டையும் சேர்த்தே காட்டி, விலையைக் குறைத்து, "இந்தக் குறைகள் தெரிவிக்கப்பட்டன" என்று விற்பனைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வந்து பார்க்கச் சொல்லுங்கள்.